மே பதின்மூன்றும் பெயரில்லாத பதின்மூன்று பேரும்



ஒவ்வொரு திங்கட்கிழமையும் நம் தமிழ்ப்பள்ளிகளில் சபைகூடல் நடைபெறுகின்றது. மாணவர்கள் வலக்கையை உயர்த்தி ருக்குன் நெகாராவை உறுதிமொழியாகச் சொல்லுகின்றனர். ஐந்து கோட்பாடுகளையும் முதலாம் ஆண்டுப் பிள்ளையும் மனப்பாடமாகச் சொல்லிவிடும். அக்கோட்பாடுகள் எப்பொழுது பிறந்தன என்று ஆறாம் ஆண்டு மாணவரைக் கேட்டால் 1970 ஆகஸ்டு 31 என்ற விடை வரும். ஏன் பிறந்தன என்று கேட்டால் 'இன ஒற்றுமைக்காக' என்பார்கள். அதற்கு மேல் நாமும் சொல்வதில்லை, பாடநூலும் ஒரு பத்தியோடு நின்றுவிடுகின்றது. மலாக்கா மாநிலத்தின் வட எல்லையில், லூபோக் சீனா வட்டாரத்தில் பணியாற்றும் எனக்கு, இந்த 'ஏன்' என்பதைச் சற்று விரித்து எழுதவேண்டும் என்ற எண்ணம் நெடுநாளாக உண்டு. கலவரம் மூண்ட கதையைப் பலர் எழுதியுள்ளனர். கலவரத்தை அடக்க அனுப்பப்பட்ட படைகள் என்ன செய்தன, அதற்கு அரசாங்கம் யாரிடம் கணக்குச் சொன்னது என்பதையே இங்கு எடுத்துக்கொள்கின்றேன்.

முதலில் நிகழ்வைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகின்றேன். 1969 மே 10ஆம் நாள் தீபகற்ப மலேசியாவில் பொதுத்தேர்தல் நடைபெற்றது. அம்னோ, ம.சீ.ச., ம.இ.கா. ஆகிய மூன்றும் சேர்ந்த கூட்டணிக் கட்சி, 1964இல் பெற்ற 89 இடங்களிலிருந்து 66 இடங்களுக்கு இறங்கியது. ஜ.செ.க. 13, பாஸ் 12, கெராக்கான் 8, மக்கள் முற்போக்குக் கட்சி 4 இடங்களை வென்றன. கூட்டினால் 103 வரும், தொகுதிகளோ 104. எஞ்சிய ஒன்று நம் மாநிலத்தின் மலாக்கா செலாத்தான் தொகுதியாகும். வேட்பாளர் ஒருவர் இறந்தமையால் அங்குத் தேர்தல் தள்ளிவைக்கப்பட்டிருந்தது. தேர்தலுக்குப் பின் கோலாலம்பூரில் எதிர்க்கட்சி ஆதரவாளர்கள் வெற்றி ஊர்வலம் சென்றனர், வசைமொழிகளும் வீசப்பட்டன. மறுமொழியாக அம்னோ ஆதரவாளர்கள் மே 13 மாலை, சிலாங்கூர் மந்திரி பெசார் ஹருண் இட்ரிஸின் இல்லத்தின் முன் கம்போங் பாருவையொட்டிக் கூடினர். செத்தாப்பாக்கில் கைகலப்பு என்ற செய்தி கூட்டத்தை எட்டியது. மாலை ஏழு மணிக்கு முன்பே கொலைகள் தொடங்கிவிட்டன. இரவில் ஊரடங்குச் சட்டம் வந்தது. மே 15ஆம் நாள் மாமன்னர் நாடு முழுமைக்கும் அவசரகாலத்தைப் பிரகடனம் செய்தார். நாடாளுமன்றம் முடக்கப்பட்டது, சபா சரவாக் தேர்தல்கள் நிறுத்தப்பட்டன, செய்தித்தாட்களுக்குத் தணிக்கை வந்தது. துணைப்பிரதமர் துன் அப்துல் ரசாக்கின் தலைமையில் தேசிய நடவடிக்கை மன்றம், மலாய் மொழியில் மாகேரான், ஆட்சிப் பொறுப்பை ஏற்றது. நாடாளுமன்றம் மீண்டும் கூடியது 1971 பிப்ரவரியில்தான்.

இனி, என் மனத்தை உறுத்தும் பகுதிக்கு வருகின்றேன்.

மாகேரான் அதே ஆண்டு அக்டோபர் 9ஆம் நாள் ஓர் அறிக்கையை வெளியிட்டது. மே 13 பற்றிய அரசாங்கத்தின் முழுமையான அறிக்கை இன்றுவரை அது ஒன்றே. மே 13 முதல் ஜூலை 31 வரை இறந்தோர் 196 பேர் என்று அது கணக்குச் சொல்லுகின்றது. சீனர் 143, மலாய்க்காரர் 25, இந்தியர் 13, பிறர் 15. காயமுற்றோர் 439 பேர், அவர்களுள் 180 பேர் துப்பாக்கிச் சூட்டினால் காயமுற்றோர், 259 பேர் பிற ஆயுதங்களால் காயமுற்றோர். காணாமற்போனோர் 39. கைது செய்யப்பட்டோர் 9,143.

இந்தத் துப்பாக்கிக் காயம் 180 என்னும் எண்ணிடம் வரலாற்றாசிரியர் சற்றே நிற்கவேண்டும். கலவரக்காரர் கையில் இருந்தவை பெரும்பாலும் பாராங்கும் கிரீசும் இரும்புக் கம்பியும் தீப்பந்தமும் ஆகும். அவர்களிடம் துப்பாக்கியே இல்லை என்று சொல்வதற்கில்லை. ஆயினும் நகரின் தெருக்களில் மிகுதியான துப்பாக்கிகளை ஏந்தி நின்றவை காவல்துறையும் இராணுவமுமே. கண்டதும் சுடும் ஆணை நடப்பில் இருந்தது. ஊரடங்கு நேரத்தில் கடைவீடுகளை நோக்கி அரச மலாய்ப் படைப்பிரிவினர் சுட்டனர் என்று அந்நாளிலேயே வெளிநாட்டுச் செய்தியாளர்கள் எழுதினர். படைகள் ஓரவஞ்சனையாக நடந்துகொண்டன என்ற குற்றச்சாட்டை அரசாங்கம் மறுத்தது. மறுப்பது அரசாங்கத்தின் உரிமை. ஆனால் எந்தப் படைப்பிரிவு, எந்தத் தெருவில், எத்தனை முறை, எவருடைய ஆணையின்பேரில் சுட்டது என்பதைக் கேட்டு எழுதிவைக்கும் கடமை யாருக்கு இருந்தது? அதை யாரும் செய்யவில்லை.

செய்யாமைக்குக் காரணம் தேடி நெடுந்தூரம் போகவேண்டியதில்லை. மாகேரானில் யார் யார் அமர்ந்திருந்தனர் என்று பாருங்கள். இயக்குநர் துன் ரசாக், உள்துறை அமைச்சர் துன் டாக்டர் இஸ்மாயில், ம.சீ.ச. தலைவர் துன் டான் சியூ சின், ம.இ.கா. தலைவர் துன் வீ. தி. சம்பந்தன். இவர்களோடு ஆயுதப்படைத் தலைவர் ஜெனரல் துங்கு ஒஸ்மான் ஜேவாவும் தேசியக் காவல்துறைத் தலைவர் முகமட் சாலே இஸ்மாயிலும் உறுப்பினர்கள். படைகளை நடத்தியவர்களே, படைகளின் நடத்தையையும் உள்ளடக்கிய அறிக்கையை வெளியிட்ட மன்றத்தில் இருந்தனர். தேர்வு எழுதிய மாணவன் தன் விடைத்தாளைத் தானே திருத்தி மதிப்பெண் இட்டுக்கொள்வதை எந்தப் பள்ளியிலாவது ஒப்புக்கொள்வோமா? அவர்கள் தீயோர் என்று நான் சொல்லவரவில்லை. துன் டாக்டர் இஸ்மாயில் போன்றோர் கட்டுப்பாட்டை மீட்டெடுக்க உண்மையாகவே பாடுபட்டனர், அதை மறைத்தல் நேர்மையாகாது. ஆனால் நல்லவரே ஆனாலும் தம் வழக்குக்குத் தாமே நீதிபதியாக இருத்தல் ஆகாது.

அறிக்கை பழியை யார்மீது வைத்தது? கம்யூனிஸ்டுகள், இரகசியக் கும்பல்கள், எதிர்க்கட்சியினரின் ஆத்திரமூட்டும் ஊர்வலங்கள் என்று வைத்தது. பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மானும் அதே ஆண்டில் மே 13 பற்றித் தனி நூல் ஒன்றை எழுதி வெளியிட்டார். எதிர்ப்பக்கத்தில், ஜான் சிலிம்மிங் என்ற ஆங்கிலேய எழுத்தாளர் முதல் வாரத்திலேயே 800 பேர் வரை மாண்டிருக்கலாம் என்று எழுதினார், மேலைநாட்டுத் தூதரக வட்டாரங்கள் 600 என்றன. எந்த எண் சரி என்று தீர்ப்புக் கூற நான் துணியவில்லை. 196ஆ 600ஆ என்ற வாதமே நம்மைத் திசைதிருப்பிவிடுகின்றது என்பது என் கருத்து. 196 என்றே வைத்துக்கொள்வோம். அந்த 196 பேர் யார்? அறிக்கையில் இனவாரியான எண்கள் உள்ளன, மாண்டோரின் பெயர்கள் இல்லை. எவர் கலவரக்காரரால் வெட்டுண்டார், எவர் படையினரின் குண்டுக்கு இரையானார் என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியே எழுதப்பட்ட பதிவு மக்கள்முன் வைக்கப்படவில்லை.

இந்தியர் 13. அந்தப் பதின்மூன்று பேரின் பெயர்களை எந்தத் தமிழ்ப்பள்ளி ஆசிரியரும் தம் மாணவருக்குச் சொல்ல இயலாது. இரயில்வே பட்டறையைச் சுற்றித் தமிழர் செறிந்து வாழ்ந்த செந்தூலில் ஜூன் இறுதியில் கலவரம் மீண்டும் தலைதூக்கியது, அம்முறை அடிபட்டோரில் நம்மவர் மிகுதி. மே மாதக் கதையைச் சீனர்-மலாய்க்காரர் மோதல் என்று மட்டும் சொல்லிப் பழகிவிட்டபடியால் செந்தூல் நம் நினைவிலிருந்தே நழுவிவிட்டது.

சுங்கை பூலோவில், 1930இல் தொடங்கப்பட்ட தொழுநோயாளர் குடியிருப்பையொட்டி, மே 13இல் இறந்தோர் பலர் அடக்கம் செய்யப்பட்ட மயானம் உள்ளது. நூற்றுக்கும் மேற்பட்ட கல்லறைகள் அங்கு வரிசையாக நிற்கின்றன. உறவினர் தாமே கல் நாட்டிப் பெயர் பொறித்த இடங்களும் உண்டு. அரசு அறிக்கை தராத பெயர்களுள் சிலவற்றை அந்தக் கற்களே தருகின்றன.

கலவரம் கோலாலம்பூரோடு நின்றுவிட்டது, மலாக்காவில் ஆங்காங்கே சிறு சலசலப்பு மட்டுமே, நம் தோட்டங்களுக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று சிலர் கேட்கக்கூடும். அலோர் காஜா, மஸ்ஜித் தானா பக்கத்துத் தோட்டங்களில் பால் வெட்டி வாழ்ந்த மூத்தோரிடம் பேசினால், மே 13ஐ அவர்கள் வானொலிச் செய்தியாகவே நினைவுகூர்கின்றனர். ஆனால் அதை அடுத்து வந்ததை அவர்கள் உடலாலேயே உணர்ந்தனர். குடியுரிமை பெறாதோர் வேலை உரிமம் பெறவேண்டும் என்ற 1968ஆம் ஆண்டுச் சட்டம் 1969இல் கடுமையாக நடைமுறைக்கு வந்தது. சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருந்த தோட்டத் தொழிலாளர் ஏறத்தாழ 60,000 பேர் கப்பலேறித் தமிழகம் திரும்பினர் என்பர். நாடாளுமன்றமே கூடாதிருந்த காலத்தில், இவர்களுக்காக எவர் எந்த அவையில் எழுந்து கேள்வி கேட்டிருக்க முடியும்? கணக்குச் சொல்லும் கடமையிலிருந்து ஆட்சி விடுபட்டுவிட்டால், துப்பாக்கிச் சத்தமே கேட்காத தொலைவில் இருப்பவரும் பாதிப்புக்கு உள்ளாவர் என்பதற்கு நம் தோட்டங்களே சான்று.

இதைவிட நீண்டகாலம் நீடித்த விளைவு வேறொன்று. மே 13ஐ ஒட்டிய அவசரகாலத்தில் 1969ஆம் ஆண்டுப் பொது ஒழுங்கு, குற்றத்தடுப்பு அவசரச் சட்டம் பிறந்தது. நம்மவர் அதனை 'ஈ.ஓ.' என்றே அறிவர். கலவரத்தை அடக்க வந்த சட்டம், கலவரம் ஓய்ந்து நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக, நீதிமன்ற விசாரணையின்றி இளைஞர்களைச் சிம்பாங் ரெங்கம் முகாமுக்கு அனுப்பப் பயன்பட்டது. தோட்டம் துண்டாடப்பட்டு நகரோரத்துக்குப் பெயர்ந்த தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கு 'சிம்பாங் ரெங்கம்' என்ற ஊர்ப்பெயர் எப்படி அறிமுகமாயிற்று என்று விளக்கவேண்டியதில்லை.

நீதிமன்றங்கள் இதைக் கேட்கவே இல்லையா என்றால், ஒருமுறை கேட்டன. தே செங் போ என்பவரின் மேல்முறையீட்டில், இலண்டன் பிரிவி கவுன்சில், 1971இல் நாடாளுமன்றம் கூடியபின் மாமன்னர் அவசர விதிகளை இயற்றியது செல்லாது என்று தீர்ப்பளித்தது. அரசாங்கம் என்ன செய்தது? 1979இல் புதுச் சட்டம் ஒன்றை நிறைவேற்றிப் பழையவற்றுக்கு உயிரூட்டியது. 1981இல் அரசியலமைப்பின் 150ஆவது பிரிவையே திருத்தி, அவசரகாலப் பிரகடனத்தை நீதிமன்றம் ஆராயமுடியாதபடி கதவைச் சாத்தியது. 1969ஆம் ஆண்டுப் பிரகடனத்தை நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் நீக்கியது 2011 இறுதியில். அதனோடு ஈ.ஓ.வும் 2012இல் காலாவதியாயிற்று. இரண்டு ஆண்டுகளில் ஓய்ந்திருக்கவேண்டிய அவசரம் நாற்பத்திரண்டு ஆண்டுகள் நடப்பில் இருந்தது.

பிற நாடுகளில் என்ன நிலை என்று மாணவர் கேட்பதுண்டு. 1919இல் ஜாலியன்வாலா பாக்கில் ஜெனரல் டயர் சுட்டபின், அயல்நாட்டு ஆட்சியே ஹண்டர் குழுவை அமைத்தது. டயர் அக்குழுவின்முன் அமர்ந்து வினாக்களுக்கு விடையளிக்க நேர்ந்தது. அவர் வாயாலேயே வந்த விடைகள்தாம் இன்றளவும் அவருக்கு எதிரான சான்று. குழுவிலிருந்த இந்திய உறுப்பினர்கள் பெரும்பான்மையோடு ஒத்துப்போகாமல் தனி அறிக்கை எழுதினர். டயர்மீது வழக்குத் தொடரப்படவில்லை, பதவி மட்டுமே போயிற்று. எனினும் வினாவும் விடையும் ஏட்டில் இருக்கின்றன. 1992-93 மும்பாய்க் கலவரத்துக்கு நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா ஆணையம் அமைந்தது, தவறிழைத்த காவலர்களைப் பெயர் சொல்லிக் குறித்தது, அதன் பரிந்துரைகளுள் பெரும்பகுதி கிடப்பில் போடப்பட்டது. தூத்துக்குடியில் 2018 மே 22இல் தொடங்கிய துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் மாண்டதை நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம் விசாரித்தது, 2022 அக்டோபரில் அறிக்கை தமிழகச் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. அங்கும் பதின்மூன்று பேர்தாம். அவர்கள் ஒவ்வொருவர் பெயரும் ஊரும், குண்டு உடலில் எங்குப் பாய்ந்தது என்பதும் பதிவாகியுள்ளன. அறிக்கை வந்ததாலேயே நீதி கிடைத்துவிட்டது என்று நான் மயங்கவில்லை. ஆயினும் பெயர் இருக்கும் இடத்தில் தாய் தந்தையர் மீண்டும் மீண்டும் கேட்கலாம். பெயரே இல்லாத இடத்தில் எதைக் கேட்பது?

மே 13ஐ இத்துணை விரிவாகச் சொல்வதற்கு மற்றுமொரு காரணமும் உண்டு. அதே குறை 2001 மார்ச்சில் பெட்டாலிங் ஜெயா, கம்போங் மேடானில் மீண்டும் கண்முன் வந்தது. பழைய கிள்ளான் சாலையோரப் புறம்போக்கு வீடுகளிலும் நீண்ட வீடுகளிலும் வாழ்ந்த ஏழைத் தமிழரும் ஏழை மலாய்க்காரரும் அருகருகே இருந்த இடம் அது. ஒரு வீட்டில் திருமணம், ஒரு வீட்டில் இறப்பு, இடையில் மூண்ட பூசல் சில நாள்களில் வெட்டுக்குத்தாக மாறியது. ஆறு பேர் மாண்டனர், அவர்களுள் பெரும்பாலோர் இந்தியர். பலர் கைகால் வெட்டுண்டு உயிர்பிழைத்தனர். 1969ஐப் போலன்றி அப்போது நாடாளுமன்றம் இருந்தது. மனித உரிமை ஆணையமான சுஹாகாமும் 2000ஆம் ஆண்டிலேயே பணியைத் தொடங்கியிருந்தது. 2000 நவம்பரில் கெசாஸ் நெடுஞ்சாலையில் பேரணியினர்மீது காவல்துறை நடந்துகொண்ட விதத்தை அதே ஆணையம் பொது விசாரணை நடத்தி ஆராய்ந்து அறிக்கையும் தந்தது. கம்போங் மேடானுக்கு அத்தகைய பொது விசாரணை நடத்தப்படவில்லை. காவல்துறை குவிக்கப்பட்டிருந்த வட்டாரத்தில் தாக்குதல்கள் நாள்கணக்கில் எப்படித் தொடர்ந்தன என்பதே பாதிக்கப்பட்டோர் எழுப்பிய வினா. வன்முறை செய்யும் கை ஒருபுறம் இருக்க, காக்கவேண்டிய கை ஏன் காலந்தாழ்த்தியது என்று கேட்பதும் கணக்குக் கேட்பதேயாகும்.

அரசாங்கம் எழுதாததைக் குடிமகன் ஒருவர் எழுதினார். சமூகச் செயல்பாட்டாளரும் வழக்கறிஞருமான கா. ஆறுமுகம், பாதிக்கப்பட்டோரின் கதைகளைத் திரட்டி 'மார்ச் 8' என்னும் நூலைத் தமிழில் வெளியிட்டார். உள்நாட்டுப் பாதுகாப்பு அமைச்சு 1984ஆம் ஆண்டு அச்சகச் சட்டத்தின்கீழ் அந்நூலைத் தடைசெய்தது. தடையை எதிர்த்து அவர் தொடுத்த வழக்கும் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் வெற்றிபெறவில்லை. தமிழ் படித்தோர் மட்டுமே படிக்கக்கூடிய ஒரு நூல் நாட்டின் ஒழுங்கைக் குலைத்துவிடும் என்று அஞ்சியோர், நம் மொழியின் ஆற்றல்மீது நம்மைவிட மிகுந்த நம்பிக்கை கொண்டிருந்தனர் போலும்!

காவல்துறையைக் கண்காணிக்கும் தனி அமைப்பு வேண்டும் என்று 2005இல் அரச விசாரணை ஆணையமே பரிந்துரைத்தது. முன்னாள் தலைமை நீதிபதி துன் முகமட் ஜைடின் தலைமையிலான அவ்வாணையம் 125 பரிந்துரைகளை முன்வைத்தது. பதினேழு ஆண்டு இழுபறிக்குப் பின் 2022இல் காவல்துறை நன்னடத்தை ஆணையச் சட்டம் நிறைவேறி, 2023 ஜூலை 1ஆம் நாள் நடப்புக்கு வந்தது. புகாரை அது விசாரிக்கலாம். ஆனால் தண்டிக்கும் அதிகாரம் அதற்கில்லை, கண்டறிந்ததைக் காவல்படை ஆணையத்துக்கு அனுப்பிவைக்கவேண்டும். பழைய மரத்தில் புதுத்தளிர் என்று மகிழ்வோர் மகிழலாம். பரிந்துரைத்தது ஒன்று, வந்தது வேறொன்று என்பதை மட்டும் நான் குறித்துவைக்கின்றேன்.

இவற்றையெல்லாம் பிள்ளைகளிடம் சொல்லலாமா, பழைய பகை கிளறப்படாதா என்று ஒரு பெற்றோர் என்னிடம் கேட்டார். அவருடைய அச்சம் பொருளற்றதன்று. 1971ஆம் ஆண்டுத் திருத்தங்களுக்குப் பின், சில பொருள்களை நாடாளுமன்றத்திலேயே கேள்விக்கு உட்படுத்தக்கூடாது என்று ஆனபிறகு, வகுப்பறையில் வாய்திறக்க ஆசிரியர் தயங்குவது இயல்பே. என் நடைமுறையைச் சொல்லுகின்றேன். தொடக்கப்பள்ளி மாணவரிடம் கொலைக் காட்சிகளை நான் விவரிப்பதில்லை. இன்ன இனத்தார் தொடங்கினர் என்றும் சொல்வதில்லை. அந்நாளில் அண்டை வீட்டாரைத் தம் வீட்டில் ஒளித்துவைத்துக் காத்த மலாய்க்காரரும் சீனரும் தமிழரும் இருந்தனர், அதை முதலில் சொல்லுகின்றேன். பிறகு அரசாங்கத்தின் எண்களைக் கரும்பலகையில் எழுதி, இந்த எண்களிலிருந்து நமக்கு என்ன தெரிகின்றது, என்ன தெரியவில்லை என்று கேட்கின்றேன். கூட்டல் கணக்கில் கெட்டிக்காரியான ஒரு மாணவி 143, 25, 13, 15 ஆகியவற்றைக் கூட்டி 196 சரியாக வருகின்றது என்று உறுதிசெய்துவிட்டு, "ஐயா, 'பிறர்' பதினைந்து பேர் என்றால் யார்?" என்றாள்.

இடைநிலைப்பள்ளிப் பிள்ளைகள் உள்ள வீடுகளில் மாகேரான் அறிக்கையையும், பிரிட்டிஷ் ஆவணக் காப்பகத்தில் திறந்துவிடப்பட்ட தூதரகக் கடிதங்களைக் கொண்டு குவா கியா சூங் 2007இல் வெளியிட்ட நூலையும் அருகருகே வைத்துப் படிக்கலாம். இரண்டும் ஒன்றையொன்று மறுக்கும் இடங்களைப் பிள்ளைகளே அடிக்கோடிட்டு வரட்டும். அடுத்த பதிவில் 1968ஆம் ஆண்டு வேலை உரிமச் சட்டத்தால் நம் வட்டாரத் தோட்டங்களிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்களைப் பற்றி எழுத எண்ணியுள்ளேன். அக்காலத்துச் சிவப்புக் கார்டோ கப்பல் சீட்டோ எவர் வீட்டுப் பெட்டியிலாவது இருப்பின், பள்ளிக்குக் கொண்டுவந்து காட்டினால் படியெடுத்துக்கொண்டு திருப்பித் தந்துவிடுவேன்.